மொரிஸ் மைனரின் இடது கை

இலங்கைத் தீவில் இப்போது பேய் கிடையாது. முன்பு இருந்தது. பற்றறி வைத்த முதலாவது கார் கொழும்புத் துறைமுகத்தில் இறங்கிய அன்றைக்கே அவை எல்லாம் தொழிலை விட்டுவிட்டன. இன்றைக்கு யாராவது பேய் கண்டதாகச் சொன்னால், அவர் கண்டது எங்கேயோ தோல் உரிந்த ஒரு வயரைத்தான்.

இது மல்லாவி ஐயாத்துரையின் முடிவு. சிரிக்காமல் சொல்லுவார். கேட்கிறவரையும் சிரிக்க விடமாட்டார்.

நம்முடைய நடராசாவின் சின்ன மாமாதான் இந்த ஐயாத்துரை. நடராசா இதோ கதவோரம் போர்வைக்குள் இருக்கிறான். பிழை இருந்தால் திருத்தட்டும். லாம்பை மட்டும் கொஞ்சம் தணியுங்கள்… போதும்.

அறுபத்தோராம் ஆண்டு, மாசி மாதம். இரவு பத்து மணி இருக்கும். மாங்குளத்திலிருந்து மல்லாவிக்குப் போகிற காட்டுப் பாதை. இரண்டு பக்கமும் பாலை மரமும் முதிரை மரமும். எதிரே ஒரு வெளிச்சம் இல்லை. ஐயாத்துரையின் மொரிஸ் மைனர் வருகிறது. அவர் யாழ்ப்பாணத்தில் ஒரு கராஜில் வேலை செய்துவிட்டு, வவுனிக்குளம் குடியேற்றத்தில் காணி கிடைத்து வந்தவர். வயலும் செய்தார், காரை வாடகைக்கும் ஓட்டினார். பக்கத்து ஆசனத்தில் ஹலீம். முல்லைத்தீவுக்காரன், நெல் வாங்கி விற்கிற வியாபாரி, ஐயாத்துரையின் கூட்டாளி.

பாதையின் பாதியில் இடது பக்கம் ஒரு கிழட்டுப் பாலை மரம் நிற்கிறது. அதன் அடியில் குழை, அதாவது இலையோடு முறித்த சின்னக் கிளைகள், ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடக்கும். அந்த வழியால் போகிற எவரும் நின்று, ஆளுக்கு ஒரு குழை முறித்து அங்கே வைத்துவிட்டுத்தான் போவார்கள். வண்டிக்காரன், தபால்காரன், பஸ் முழுக்க ஆட்கள், எல்லோரும். வண்டியில் ஐந்து பேர் என்றால் ஐந்து குழை. யாருக்கு வைக்கிறீர்கள் என்று கேட்டால், ஒருவர் ஐயனாருக்கு என்பார். ஒருவர் யானை வராமல் இருக்க என்பார். இன்னொருவர் அதைக் கேட்காதே என்பார்.

"அண்ணை, கொஞ்சம் நிப்பாட்டுங்கோ. குழை போடுவம்," என்றான் ஹலீம்.

"நீ ஏன் போடுறாய்? நீ சோனகன் எல்லோ?"

"காடு எல்லாருக்கும் காடுதானே அண்ணை."

"உன்ர குழைக்காக என்ர பிரேக்கைத் தேய்க்கேலாது. வேணுமெண்டால் கார் மரியாதை செய்யும், பார்."

ஐயாத்துரை சுவிச்சைத் திருப்பினார். மொரிஸ் மைனரின் கதவுக்குப் பின்னால், தூணுக்குள் மடிந்து கிடக்கும் சிக்னல் கை தெரியும்தானே? டக் என்று இடது கை எழும்பியது. உள்ளே செம்மஞ்சள் விளக்கு எரிந்தது. கார் நிற்கவில்லை. மரத்துக்குக் கையை நீட்டிக்கொண்டே அதைக் கடந்தது.

"கை காட்டியாச்சு. ஏறுறதெண்டால் ஏறட்டும்," என்றார் ஐயாத்துரை. "கூலி கேக்கமாட்டன்."

ஹலீம் சிரிக்கவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டான்.

அடுத்த நாள் காலை… கார் ஸ்டார்ட் ஆகவில்லை.

ஸ்டார்ட்டர் குமிழை இழுத்தால் ஒரு முனகல்கூட இல்லை. பற்றறி செத்துக் கிடந்தது. ஐயாத்துரை அலட்டிக்கொள்ளவில்லை. பற்றறியைக் கிளிநொச்சிக்குக் கொண்டுபோய் சார்ஜ் ஏற்றினார். நல்ல பற்றறி, ஒரு குறையும் இல்லை என்றான் கடைக்காரன். கொண்டுவந்து பூட்டினார். பகல் முழுக்க ஓடியது. விடிய… செத்துக் கிடந்தது.

டைனமோவைக் கழற்றிப் பார்த்தார். டைனமோவுக்கும் பற்றறிக்கும் நடுவில் இருக்கும் கட்அவுட்டை உரஞ்சித் துடைத்தார். வயர்களைச் சாண் சாணாகத் தடவினார். உரிந்த இடம் ஒன்றுமில்லை. ஒவ்வொரு விடியலிலும் அதே கதை. கூடவே ஒரு மணம். காருக்குள், அப்போதுதான் முறித்த பச்சைக் குழையின் மணம்.

ஹலீம் அதற்குப் பிறகு முன்னுக்கு இருப்பதில்லை. ஏனென்று கேட்டதற்கு, "சீற் ஈரமா இருக்கு அண்ணை," என்றான். ஐயாத்துரை தடவிப் பார்த்தார். காய்ந்துதான் இருந்தது.

வேறு காலமாக இருந்தால் இது வெறும் தலையிடி. ஆனால் வீட்டில் மனைவி கமலாசனிக்கு நிறைமாதம். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, வலி தொடங்கினால் ஒரு கணம் தாமதிக்காமல் வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கோ என்று மருத்துவிச்சி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். வவுனியாவில் இருக்கும் அவளுடைய அக்கா ஜெகதீஸ்வரி, முன்கூட்டியே வந்து தன்னோடு இருக்கச் சொல்லிக் கேட்டாள். ஐயாத்துரை விடவில்லை. "வாசலிலை கார் நிக்குது. பிறகென்ன?" என்றார். அந்தச் சொல் வாயிலிருந்து போய் ஒரு கிழமைகூட ஆகவில்லை. இப்போது வாசலில் நின்றது கார் அல்ல, நாலு சில்லு வைத்த ஒரு தகரப் பெட்டி.

"இஞ்சருங்கோ," என்றாள் கமலாசனி. "இரவிலை வயரைக் கழட்டி வைச்சிட்டுப் படுங்கோவன். காரணத்தைப் பிறகு தேடலாம்."

மனமில்லாமல் கழற்றினார். முனையைக் கையால் இழுத்து, பற்றறிக்கு எட்டாமல் மடக்கி வைத்துவிட்டுப் படுத்தார். விடிய பொனட்டைத் திறந்தார்.

வயர் பூட்டியிருந்தது. நட்டு இறுகியிருந்தது. பற்றறி செத்துக் கிடந்தது.

"நீர் தொட்டனீரோ?"

"எனக்குக் குனியவே ஏலாது. நான் போய் நட்டு முறுக்கிறனானோ?"

அன்றைக்குப் பற்றறியை மறுபடி சார்ஜ் ஏற்றுவித்தார். இரவானதும், கார் நின்ற கொட்டிலுக்குள் தானே போய்க் காவல் இருந்தார். முறைப்படி தேடுவது என்று முடிவு. பற்றறிக்கும் வயருக்கும் நடுவில் ஒரு சின்ன பல்ப்பை மாட்டினார். எல்லாவற்றையும் அணைத்துவிட்ட காரில் மின்சாரம் ஓடக் கூடாது. ஓடினால் பல்ப் எரியும். எந்த வயரைக் கழற்றும்போது அணைகிறதோ, அதுதான் கள்ளன்.

பல்ப் எரிந்தது. மங்கலாக. கூடிக் குறைந்து… கூடிக் குறைந்து… யாரோ நித்திரையில் மூச்சு விடுகிற மாதிரி.

வெளியில் பனி. கொட்டில் கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்தது. ஐயாத்துரை பல்லுக்குள் ரோச் லைட்டைக் கடித்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார். பெரிய விளக்குகளின் வயரைக் கழற்றினார். பல்ப் எரிந்தது. ஹோர்ன். எரிந்தது. வைப்பர். எரிந்தது. டைனமோவையே பிரித்துவிட்டார். எரிந்தது. கடைசியில் மிஞ்சியது ஒன்று. சிக்னல் கைக்குப் போகிற வயர்.

இழுத்தார்.

பல்ப் அணைந்தது.

"ஆ!" என்று கத்தியே விட்டார். "கண்டுபிடிச்சிட்டன்! கமலாசனி, பேயைப் பிடிச்சிட்டன்! வயர்!" கழற்றிய வயரை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, ஆளில்லாத கொட்டிலுக்கு அதைக் காட்டினார்.

டக்.

அவருக்குப் பக்கத்தில்தான். இடது கை எழும்பியது. செம்மஞ்சள் விளக்கு எரிந்தது.

வயர் அவர் கையில் இருந்தது. பல்ப் அணைந்தே இருந்தது. கை மட்டும் எரிந்தது.

அந்த நேரம் வீட்டுக்குள்ளிருந்து சத்தம் வந்தது. "இஞ்சருங்கோ… தண்ணி உடைஞ்சிட்டுது… இஞ்சருங்கோ!"

கழற்றிய வயர்களை எப்படிப் பூட்டினார் என்று அவருக்கு இன்றைக்கும் நினைவில்லை. சிக்னல் கை வயரை மட்டும் பூட்டவில்லை. கமலாசனியைப் பின் ஆசனத்தில் படுக்க வைத்தார். குமிழை இழுத்தார். கார் ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆனது. இத்தனை நாள் இல்லாத சுறுசுறுப்பு. வெளியே போவதற்காகவே காத்திருந்த மாதிரி.

காட்டுப் பாதை. இடது கை மடியவில்லை. வழி நெடுக, பக்கத்துப் பற்றைகளில் ஒரு செம்மஞ்சள் வெளிச்சம் கூடவே ஓடி வந்தது. ஐயாத்துரை இடது பக்கம் பார்க்கவில்லை. பச்சைக் குழை மணம் மூக்கை அடைத்தது.

பாலை மரம் தெரிந்தது. பெரிய விளக்குகள் மஞ்சளாகின… சிவப்பாகின… அணைந்தன. என்ஜின் ஒருமுறை இருமியது. நின்றது. மரத்துக்கு நேரே.

காட்டுப் பூச்சிகள்கூடக் கத்தவில்லை. கமலாசனியின் மூச்சு மட்டும். அந்த ஒற்றைக் கை மட்டும் எரிந்துகொண்டு.

குமிழை இழுத்தார். ஒன்றுமில்லை. இழுத்தார். ஒன்றுமில்லை.

"குழையைப் போடுங்கோவன்!" என்று வலியோடு கத்தினாள் கமலாசனி. "உங்கட வீறாப்புக்கு என்ர பிள்ளையைக் குடுக்கவோ?"

ஐயாத்துரை இறங்கினார். இரண்டு குழை முறித்துக் குவியலில் வைத்தார். ஓடி வந்து குமிழை இழுத்தார். ஒன்றுமில்லை.

"எத்தினை போட்டனீங்கள்?"

"ரெண்டு. உமக்கொண்டு, எனக்கொண்டு."

"காணாது."

அவருக்கு விளங்கியது. பிள்ளையும் ஒரு ஆள்தானே. மறுபடி இறங்கி மூன்றாவதை முறித்து வைத்தார். வந்தார். இழுத்தார். ஒன்றுமில்லை. பின்னால் கமலாசனி பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள்.

"போட்டிட்டன்! பிள்ளைக்கும் சேத்துப் போட்டிட்டன்!"

"பிள்ளையை நான் சொல்லேல்லை…" அவள் குரல் இறங்கிவிட்டது. "முன் சீற்றிலை இருக்கிற ஆளுக்கும் ஒண்டு போடுங்கோ."

ஐயாத்துரை முன் ஆசனத்தைப் பார்க்கவில்லை. பார்க்கவே இல்லை. கதவைத் தடவித் திறந்து, காருக்கு முதுகைக் காட்டியபடியே போய், நாலாவது குழையை முறித்தார். வைத்தார்.

டக். இடது கை மடிந்தது.

ஒரே இழுப்பு. என்ஜின் பிடித்தது. விளக்குகள் வெள்ளையாக எரிந்தன.

பெண் பிள்ளை. தாயும் சுகம், பிள்ளையும் சுகம். பற்றறி அதற்குப் பிறகு ஒருநாளும் இறங்கவில்லை. யாராவது கேட்டால், "சிக்னல் கை வயர் ஒண்டு உரிஞ்சிருந்தது, மாத்திப் போட்டன்," என்பார் ஐயாத்துரை. சிரிக்காமல்தான் சொல்லுவார். அந்த இரவு முன்னுக்கு யாரைக் கண்டாய் என்று கமலாசனியிடம் அவர் கேட்கவுமில்லை. அவள் சொல்லவுமில்லை.

போன விடுமுறைக்கு நம்முடைய நடராசா அங்கே போனான். மாங்குளம் ஸ்டேஷனுக்கு மாமா காரோடு வந்திருந்தார். பொழுது பட்டுவிட்டது. முன் கதவைத் திறக்கப் போனவனிடம், "பின்னுக்கு இரு," என்றார். முன் சீற்றின் ஸ்பிரிங் உடைந்திருக்கும் என்று நினைத்தான்.

பாலை மரத்தடியில் ஐயாத்துரை காரை நிறுத்தினார். இறங்கிப் போய்க் குழை முறித்தார். ஒன்று. இரண்டு. காரில் அவரும் நடராசாவும்தான்.

மூன்றாவதையும் முறித்து வைத்தார்.

பிறகு வந்து, இடது பக்க முன் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு, யாரோ இறங்குவதற்கு வழி விடுகிறவரைப் போல ஒதுங்கி நின்றார். கொஞ்ச நேரம் பார்த்தார்… இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

மெதுவாகச் சாத்தினார்.