முகமூடிக்குள் அசைந்த தலை

சைரன். மறுபடி சைரன்.

"மாஸ்க்! மாஸ்க்! யல்லா, உள்ளே!" யாரோ கத்துகிறான். "ஜல்தி!" படியெங்கும் செருப்புகள் சிதறுகின்றன. தூத்துக்குடிக் கொத்தனார் செல்வம் முழங்கால் அடிபட விழுகிறான். இழுத்து உள்ளே போடுகிறோம். கதவை அடைத்து இடுக்கெல்லாம் டேப் ஒட்டுகிறேன்.

2003 மார்ச் 20. வியாழக்கிழமை. மதியம். குவைத்தில் மங்காஃப். ஈராக் போரின் முதல் நாள். அங்கிருந்து ஏவுகணைகள் எங்கள் பக்கம் வருகின்றன.

முதலில் நீண்ட இரைச்சல். பிறகு இரண்டு அடி. டும். டும். சன்னலில் ஒட்டிய பிளாஸ்டிக் புடைத்து அடங்குகிறது. பிறகு எதுவும் இல்லை. அதுதான் பயம். விஷவாயு சத்தமில்லாமல் வரும் என்று சொல்லியிருந்தார்கள்.

நான் அந்தக் கட்டுமானக் கம்பெனி கேம்பின் பொறுப்பாளன். யாழ்ப்பாணத்தில் கணித ஆசிரியனாக இருந்தவன். வாயு முகமூடி எஞ்சினியர்களுக்கும் எனக்கும் மட்டும் வந்திருந்தது. தொழிலாளர்களுக்கு ஈரத் துண்டு. எல்லோருக்கும் அதுகூடக் கிடைக்கவில்லை. நான் முகமூடியை மாட்டிக்கொண்டேன். யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை.

மூலையில் மஹ்ஃபூத். ஜெனரேட்டர் மெக்கானிக். தலையில் சுற்றியிருந்த நீளக் கறுப்புத் துணியை அவிழ்த்து வாளித் தண்ணீரில் நனைக்கிறான்.

"பாய், உனக்கு மட்டும் தனி மாஸ்க்கா?" செல்வம் வலியோடு சிரிக்கிறான். "எனக்கும் ரெண்டு முழம் கிழிச்சுக் குடு. சாவும்போதாவது புதுத்துணி கட்டிக்கிறேன்!"

மஹ்ஃபூத்துக்குத் தமிழ் தெரியாது. கை நீட்டியது புரிந்தது. பல்லால் கடித்துக் கிழித்தான். செல்வத்துக்கு. பக்கத்து வங்காளிக்கு. அடுத்தவனுக்கு. துணி தீரும்வரை. எல்லோர் முகத்திலும் கறுப்பு. கண்கள் மட்டும் தெரிகின்றன. யார் எந்த நாட்டுக்காரன் என்று சொல்ல முடியாது.

அவன் யார் என்று எனக்குத் தெரியும்.

அவன் சஹ்ராவி. மேற்குச் சஹாராக்காரன். ஸ்பெயின் விட்டுப் போனதும் மொராக்கோ எடுத்துக்கொண்ட நிலம். சொந்தக்காரர்களில் பாதிப்பேர் பாலைவனம் தாண்டி அல்ஜீரியாவில் கூடாரங்களில். அவனும் தங்கையும் எல் அயூன் நகரில் தங்கிவிட்டவர்கள். நடுவில் ஒரு மணல் சுவர். அதன் ஓரமெல்லாம் கண்ணிவெடி. இதையெல்லாம் அவன் தேநீர் ஊற்றிக்கொண்டே சொன்னான். அவர்கள் வழக்கம் மூன்று கோப்பை. மூன்றாவதைக் குடிக்காமல் விருந்தாளி எழுந்திருக்கக் கூடாது. கனமான பேச்சு மூன்றாவது கோப்பைக்குத்தான் வரும்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, மூன்றாவது கோப்பையில் சொன்னான். "எந்த நாடு வேண்டும் என்று எங்களை ஒருமுறை கேளுங்கள். இதைத்தான் தெருவில் நின்று கத்தினேன், உஸ்தாத்." ஆசிரியர் என்று அர்த்தம்; என்னை அப்படித்தான் கூப்பிடுவான். மொராக்கோ போலீஸ் பிடித்துக் கண்ணைக் கட்டி வைத்திருந்தது. எத்தனை நாள் என்று அவனுக்கே தெரியவில்லை. வெளியே வந்ததும் இங்கே ஓடிவந்தான். வந்த பிறகும் சும்மா இருக்கவில்லை. காணாமற்போனவர்களின் பெயர்களை மனித உரிமைக்காரர்களுக்குத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் கையில் இருந்தது மொராக்கோ பாஸ்போர்ட். வேறு எதுவும் அவனுக்குக் கிடைக்காது. "யாராவது என்னைத் தேடி வந்தால் தெரியாது என்று சொல்லிவிடுங்கள்." சொல்கிறேன் என்றேன்.

இன்று மதியமும் நான் அவன் அறையில்தான் இருந்தேன். இரண்டாவது கோப்பை முடிந்திருந்தது. சைரன் ஊதியது.

கதவில் இடி. ஒரு முறை. இரண்டு முறை. திறந்தால் வாயு வரும். திறக்காவிட்டால் வேலை போகும். திறந்தேன். எங்களுக்கு விசா கொடுத்த முதலாளி கஃபீலின் ஆள். கூடவே கோட் போட்ட ஒருவர், மொராக்கோத் தூதரகத்துக்காரர். போர் என்பதால் தங்கள் நாட்டவரை அழைத்துப்போக வந்த பஸ் வெளியே நிற்கிறதாம். மஹ்ஃபூத்தின் முழுப் பெயரைச் சொன்னார்.

யாரும் அசையவில்லை.

"மாஃபி! இல்ல!" என்று செல்வம் கத்தினான். "அப்படி ஆள் இங்க மாஃபி, சார்! கதவ மூடுங்க, வாயு வருது!"

கஃபீலின் ஆள் என்னைப் பார்த்தான். "நீ சொல். இல்லாவிட்டால் உன் விசா கலாஸ், முடிந்தது."

எண்பதுகளில் எங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்தில் இராணுவத்தினர் எங்களை வரிசையாக நிறுத்தினார்கள். ஜீப்பில் ஒருவன். தலையில் சாக்கு. கண்ணுக்கு இரண்டு ஓட்டை. நாங்கள் ஒவ்வொருவராக முன்னால் போனோம். எனக்குச் சாக்கு அசையவில்லை. எனக்குப் பின்னால் வந்த என் தம்பிக்கு அசைந்தது. அப்படித் தலையை ஆட்டிக் காட்டிக்கொடுப்பவனைத் தலையாட்டி என்போம். தம்பி திரும்பி வரவில்லை. சாக்குக்குள் இருந்தவனை அதற்குப் பிறகு நான் சபிக்காத நாளில்லை.

என் முகத்தில் ரப்பர். இரண்டு கண்ணாடி வட்டம். விசாவை நினைத்தேன். அவ்வளவுதான். பஸ்ஸில் போனால் வாயுவிலிருந்தாவது தப்புவான் என்று நினைத்ததாகப் பிறகு சொல்லிப் பார்த்தேன். பொய். அந்த நேரத்தில் அப்படி எதுவும் நினைக்கவில்லை.

மூலையைப் பார்த்துத் தலையை அசைத்தேன். ஒரு தடவை.

மஹ்ஃபூத் எழுந்தான். முகத்துணியை அவனே கழற்றினான். ஓடவில்லை. ஓட இடமில்லை. என் முன்னால் வந்து நின்றான். கண்ணாடிக்குள் உற்றுப் பார்த்தான்.

"உஸ்தாத், தேநீர் அடுப்பில் இருக்கிறது. அணைத்துவிடுங்கள்."

வெளியே மறுபடி டும். பஸ் கிளம்பும் சத்தம். கதவை மூடி டேப் ஒட்டினேன். கை பழகியிருந்தது.

செல்வம் என்னைப் பார்த்தான். "மாஸ்டர்" என்றுதான் எப்போதும் கூப்பிடுவான். அன்றைக்குப் பிறகு எப்படியும் கூப்பிடவில்லை.

அபாயம் நீங்கிய சைரன் நீளமாக ஊதியது. மேலே ஓடினேன். பாத்திரம் வற்றிக் கருகிவிட்டது. அறை முழுக்கக் கரிந்த புதினா மணம். மூன்றாவது சுற்றுக்காகக் கழுவிய கோப்பைகள் இரண்டு, கவிழ்த்து வைத்தபடி.

சில வாரம் கழித்துக் கேம்ப் ஆபீசுக்கு ஒரு தொலைபேசி. பெண் குரல். அவன் தங்கை. அண்ணன் எப்போது வருவான் என்று கேட்டாள். புறப்பட்டுவிட்டான் என்றேன். வரவில்லை என்றாள். விமான நிலையத்தில் கேட்டாள். காவல் நிலையங்களில் கேட்டாள். யாருக்கும் தெரியாதாம். தொடர்ந்து பல வெள்ளிக்கிழமைகள் கூப்பிட்டாள். தூதரகத்துக்கு நான் எழுதினேன். பதில் இல்லை. மறுபடி எழுதினேன். ஒருநாள் அவள் கூப்பிடுவது நின்றது. அவளுக்கு என்ன ஆனதென்றும் எனக்குத் தெரியாது. தலையசைத்தது நான்தான் என்று அவளிடம் கடைசிவரை சொல்லவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

அந்தப் போரில் எங்கள் கேம்பில் யாரும் சாகவில்லை. வாயு வரவேயில்லை. செல்வத்தின் முழங்கால் ஆறிவிட்டது. போனவை: ஒரு தேநீர்ப் பாத்திரம். கிழிந்த கறுப்புத் துணி. மூன்றாவது கோப்பை. மஹ்ஃபூத்.

அவனுக்கு முன் என் தம்பி. இரண்டு பேருக்கும் ஒரே மாதிரித் தலையசைப்பு. இரண்டாவது என்னுடையது.