வெண்ணெய் நிறத்தில் ஒரு வரி

எங்கள் தோட்ட மன்றத்தின் இணையப் பக்கம் வெள்ளை இல்லை, வெண்ணெய் நிறம். அதனால் வெள்ளையில் எழுதினால் எழுத்து லேசாகத் தெரிந்து காட்டிக்கொடுத்துவிடும். பக்கத்தின் நிறக் குறியீட்டையே எழுத்துக்கும் கொடுத்தால்தான் அது இருப்பதே தெரியாது. அந்தக் குறியீட்டைக் கண்டுபிடித்தது நான்தான்.

இணையத்தில் அந்த மன்றத்தை நடத்துவதும் நான்தான். விடுகதை போட்டால் விடையை இப்படித்தான் மறைத்து எழுதுவோம். விரலால் அழுத்தினால் அந்த இடம் நீலமாகி எழுத்து தெரியும். மறைத்ததை யாரும் வெளிப்படையாகப் போட்டு உடைக்கக் கூடாது. அது விதி. அங்கே என் பெயர் 'வேர்'. வேர் சொன்னால் சரியாக இருக்கும் என்பார்கள்.

வீட்டில் என் பெயர் 'ஊமைக்கோட்டான்'. வைத்தவள் அக்கா. அவளுக்குக் குழந்தை பிறந்ததும் என்னை ஒன்பதாம் வகுப்போடு நிறுத்தியவளும் அவள்தான். "வாயத் திறந்தா காத்துதான் வருது. இவ படிச்சு என்னத்தக் கிழிக்கப் போறா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். காரணம் கேட்டீர்களே என்று சொல்கிறேன். கோபமெல்லாம் இல்லை.

அன்று தோட்டத்தில் அக்காவுக்கு ஒரு கிழங்கு கிடைத்தது. பார்க்க வெங்காயம் மாதிரியே இருந்தது. பக்கத்தில் நின்ற என்னைக் கேட்கவில்லை. படம் பிடித்து மன்றத்தில் போட்டாள். "வேர் அண்ணா, இத சமைக்கலாமாங்க?" வேர் யாரென்று அவளுக்குத் தெரியாது. அவள் என்னை மரியாதையாகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

துணி மடிக்கும் அறையிலிருந்து பதில் எழுதினேன். 'வெங்காய வகைதான். வதக்கினால் ருசியாக இருக்கும்.' அடுத்த வரி வெண்ணெய் நிறத்தில். 'இது விஷம். வாயில் வைக்காதே.' இரண்டையும் எழுதினேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அக்கா புதிதாகச் சேர்ந்தவள். விதிகளைப் படித்திருக்க வேண்டும்.

சமையலறைக்குப் போய் நேரிலும் சொன்னேன். "அக்கா, அது வேண்டாமே."

"உனக்கு என்னடி தெரியும்? தெரிஞ்சவரே சொல்லிட்டாரு. அந்தக் கரண்டிய எடு."

எடுத்துக் கொடுத்தேன்.

மன்றத்தில் ஒரு தையல்காரர் இருக்கிறார். கண் வலிக்காமல் இருக்கத் திரையைக் கறுப்பாக மாற்றி வைத்திருப்பவர். கறுப்பில் என் இரண்டாவது வரி பளிச்சென்று தெரிந்திருக்கிறது. நான் அதை யோசிக்கவில்லை. 'அம்மா, கீழ விஷம்னு எழுதியிருக்கு, சாப்பிட்டுடாதீங்க' என்று பதில் போட்டுவிட்டார். அக்காவின் கைபேசி மணி அடித்தது. வாணலியை இறக்கி வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எடுக்கப் போனாள். என் கைபேசி என் கையிலேயே இருந்தது.

"ஏதோ வந்த மாதிரி இருந்துச்சே, காணோம்" என்றாள். பிறகு தட்டில் போட்டுக்கொண்டாள்.

குழந்தை பள்ளிக்கூடத்தில் இருந்தது. அதற்குத் தனியாகச் சோறு எடுத்து வைத்திருந்தேன். எனக்கு அன்று பசி இல்லை. சாயங்காலத்துக்குள் அக்கா போய்விட்டாள்.

தையல்காரரின் பதிலை நான்தான் நீக்கினேன். மறைத்ததை உடைத்துவிட்டார், விதி எல்லோருக்கும் ஒன்றுதான். மற்றபடி அக்காவிடம் நான் எதையும் மறைத்ததில்லை.