வரலாறு, இரண்டாம் வருஷம்

— அடுப்படியில வேகுற நான், எப்ப சார் உங்க காலேஜ்ல படிச்சேன்?

— மெதுவாப் பேசும்மா. இது பிரின்ஸிபால் ரூம், ஹாஸ்டல் சமையக்கட்டு இல்ல.

— வயிறு எரியுது சார், மெதுவா எப்படிப் பேசறது? சாயங்காலக் கல்லூரியில சேரலாம்னு ஆசை ஆசையாப் போனேன். என் ஆதார் நம்பரைக் கம்ப்யூட்டர்ல தட்டின பொண்ணு சிரிக்குது. 'அக்கா, நீங்கதான் ஏற்கெனவே பி.ஏ. வரலாறு ரெண்டாம் வருஷம் படிக்கிறீங்களே, இன்னொரு இடத்துல எப்படிச் சேருவீங்க'ங்குது. நாளையோட அட்மிஷன் முடியுது.

— விஷயம் என்னன்னா... அது சும்மா ஒரு கணக்குக்கும்மா.

— யார் வீட்டுக் கணக்கு?

— நாட்டுக் கணக்கு. எத்தனை பெண்கள் படிக்கிறாங்கன்னு வருஷா வருஷம் மேல இருந்து கேக்குறாங்க. ஆள் குறைஞ்சா பாடத்தையே மூடிடுவாங்க.

— அதுக்கு என் தலைதான் கெடச்சுதா? சட்டி கழுவ வந்தவகிட்டப் பன்னெண்டாவது மார்க் ஷீட் எதுக்குக் கேக்குறாங்கன்னு அன்னிக்கே யோசிச்சேன். அடேங்கப்பா! பொம்பளைங்க படிப்புல முன்னேறிட்டாங்கன்னு டிவியில சொன்னப்ப நானும் சந்தோஷப்பட்டேனே, பாவி!

— நீ மட்டுமா? இங்க வேலை பாக்குறவங்க நெறைய பேர் இருக்காங்க. ஒருத்தராவது வந்து கேட்டாங்களா?

— கேக்க மாட்டோம்கிற தைரியத்துலதானே எழுதுனீங்க! என் பேரை எடுங்க சார்.

— விஷயம் என்னன்னா, கணக்கு மேல போயாச்சு. இப்ப எடுத்தா பொய்க்கணக்குன்னு ஆயிடும்.

— இல்லாட்டி மெய்க்கணக்காக்கும்! கல்யாணத்துக்காக என் படிப்பை அப்பா நிறுத்தினாரு. பெத்தவர்னு பொறுத்துக்கிட்டேன். நீங்க யாரு சார் நிறுத்தறதுக்கு?

— கோவப்படாதம்மா. அடுத்த வருஷம் நீயே பாஸாகி வெளிய வந்துடுவ.

— எழுதாத பரீட்சையிலயா?

— அதையெல்லாம் ஆபீஸ் பாத்துக்கும்.

— நல்லாருக்கு நியாயம்! அப்போ நான் உங்க மாணவிதானே? வகுப்புக்கு வர்றேன். எந்த ரூம்னு சொல்லுங்க.

— ரூமா? அந்த வகுப்புக்கு வாத்தியாரே கிடையாதும்மா! போ, போய் உலை வை, பிள்ளைங்க பசியோட இருக்கும். ஆமா... வெளிய என்ன அது, இவ்வளவு சத்தம்?

— நேத்து எல்லாரோட நம்பரையும் அந்தப் பொண்ணைத் தட்டிப் பாக்கச் சொன்னேன் சார். கூட்டுறவங்க, தண்ணி ஊத்துறவங்க, துணி தொவைக்கிறவங்கன்னு உங்க ரெண்டாம் வருஷம் மொத்தமும் வராண்டாவுல வந்து உக்காந்திருக்கு. வாத்தியார் இல்லேன்னா நீங்களே வந்து பாடம் நடத்துங்க, அதுவரைக்கும் இந்தக் காலேஜ்ல அடுப்பு எரியாது.