பெருமாளை எடுத்தால்தான் வேலை

திருநீர்மலையில் ரங்கநாதர் சன்னதி வரிசை. எனக்கு முன்னால் இரண்டு இளைஞர்கள்.

“மச்சான், பெருமாளை எடுத்தாத்தான்டா உனக்கு வேலை கிடைக்கும்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ‘ரங்கா!’ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு காதைக் கொடுத்தேன்.

“காலேஜ்லேர்ந்து அவர்தான்டா என் ப்ரொஃபைல் போட்டோ.”

“வேலை தேடுற ஆப்ல உன் மூஞ்சியப் போடுடா. இன்டர்வியூவுக்கு அவரா வருவாரு?”

“வேலை போனதுலேர்ந்து ஒரு இன்டர்வியூ கால்கூட வரல. அதான் நேர்ல கேட்டுட்டு எடுத்துடலாம்னு வந்தேன்.”

தரிசனம் முடிந்து வெளியே வந்ததும் நண்பன் விடவில்லை.

“என்ன சொன்னாரு?”

“படுத்துக்கிட்டே சிரிக்கிறாருடா.”

“அப்ப ஓகேதான். இப்படி நில்லு, போட்டோ எடுக்கிறேன். நெத்தியில இருக்கிற நாமத்தைத் துடைச்சிடு.”

அவன் நெற்றியைக் கையால் மறைத்துக்கொண்டான்.

“இது இருக்கட்டும்டா. இன்டர்வியூவுக்கு அவரும் கூட வரட்டும்.”