நான்காவது சிறகு

பால்சா மரத்தைத் தேய்க்கும்போது அவசரப்படக் கூடாது. மெல்லிய மணல்தாளை எடுத்து, நார் ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். ரொட்டித்துண்டு போல லேசான மரம். கொஞ்சம் அழுத்தினாலும் பள்ளம் விழுந்துவிடும். இதை என் கணவர் டெல்பர்ட் எனக்குச் சொல்லித் தரவில்லை. அவருக்கே தெரியாது.

பத்தொன்பது வயதில், ஊருக்கு வெளியே, பறக்கவிடுகிற சின்ன மாதிரி ராக்கெட்டுகள் செய்யும் தொழிற்சாலையில் சேர்ந்தேன். அட்டைக்குழாய், மரக்கூம்பு, பாராசூட், சிறகு வெட்டுவதற்கான பலகை இவற்றைப் பெட்டிக்குள் அடுக்கி மூடும் வேலை. ஆறு வருஷம் அடுக்கினேன். கொலராடோவின் அந்த வறண்ட பக்கத்தில் அன்று ஒரு பெண்ணுக்கு அதைவிட நல்ல வேலை கிடைக்காது. கல்யாணமானதும் டெல்பர்ட் விடச் சொன்னார். விட்டேன்.

நாங்கள் அடுக்கிய அந்தப் பெட்டிகளைத்தான் பிற்காலத்தில் அவர் தேடித் தேடிச் சேர்த்தார். முப்பத்தொன்று. ஒன்றைக்கூடப் பிரித்ததில்லை. நிலவறையில் கண்ணாடி அலமாரி. சாவி அவர் சட்டைப்பையில். ராக்கெட் சங்கத்து நண்பர்கள் வந்தால் அழைத்துப்போய்க் காட்டுவார். ஒருமுறை நானும் ஒரு பெட்டியைப் பார்க்கக் கை நீட்டினேன்.

"தொட்டுடாத லோர்னா. உன் கை கேக் செய்யத்தான் லாயக்கு."

வந்தவர்களில் ஒருவர், நான் அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள்தானே என்று கேட்டார். டெல்பர்ட் முந்திக்கொண்டார்.

"பெட்டி மூடினா. அதுக்குப் பேரு வேலையா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு அவர்மேல் வருத்தம் எதுவும் கிடையாது. வருத்தப்படுகிறவள் முப்பத்தெட்டு வருஷம் அந்தச் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்க மாட்டாள்.

இரண்டு வருஷத்துக்கு முன், மார்ச் மாதம், அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் போயிற்று, பேச்சும் போயிற்று. புத்தி மட்டும் முன்போலவே தெளிவாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இருந்தது.

அவரை எந்தக் காப்பகத்திலும் விடவில்லை. வீட்டிலேயே வைத்துக் குளிப்பாட்டினேன், மசித்த உருளைக்கிழங்கை ஸ்பூனால் ஊட்டினேன். மாதம் ஒரு பெட்டி பிரித்தேன். சக்கர நாற்காலியை மேசைப்பக்கம் தள்ளி, தலை சாயாமல் தலையணை கொடுத்து, அவர் கண்ணெதிரே அந்தப் பழைய பிளாஸ்டிக் உறையைக் கிழிப்பேன். அந்தச் சத்தம் அவருக்குப் பிடிக்காது. அதனால் மெதுவாகத்தான் கிழிப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் சங்கத்து மைதானத்துக்குப் போவோம். ராக்கெட்டைக் கம்பியில் நிறுத்திவிட்டு, அவருடைய இடது கட்டைவிரலைப் பிடித்து நானே பொத்தானை அழுத்துவேன். சில வாரம் பாராசூட்டை உள்ளே வைக்க மாட்டேன். அப்போது ராக்கெட் ஆயிரம் அடி ஏறி, தலைகுப்புற வந்து, காய்ந்த தரையில் நொறுங்கும். அவர் அழுவார். சந்தோஷத்தில் அழுகிறார் என்று சங்கத்துப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அவரைக் கவனித்துக்கொள்வதைப் பாராட்டி, போன வருஷம் எனக்குக் கேடயம் கொடுத்தார்கள். வரவேற்பறையில் இருக்கிறது, நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

பிறகு அவர் தங்கை ரோவீனா ஓர் எழுத்துப் பலகையோடு வந்து உட்கார்ந்தாள். இடது விரலால் எழுத்தெழுத்தாகத் தொட்டுக் காட்டப் பழக்கினாள். மூன்று வாரம் பிடித்தது. அவர் முழுதாகச் சொன்ன முதல் வாக்கியம்: அவள் காத்திருந்தாள்.

ரோவீனா சமையலறைக்கு வந்து குரலை உயர்த்தாமல் கேட்டாள். "எதுக்காகக் காத்திருந்த, லோர்னா?"

"பசை காயட்டும்னு," என்றேன்.

அதற்குத்தான் போலீஸ்காரரான உங்களைக் கூப்பிட்டிருக்கிறாள். இதில் மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. அந்த மார்ச்சில் டெல்பர்ட் இரண்டு நாள் அவள் வீட்டுக்குப் போயிருந்தார். சாவியைப் பழைய சட்டையிலேயே விட்டுவிட்டார். நான் அலமாரியைத் திறந்து ஒரு பெட்டியை எடுத்தேன். எத்தனையோ மூடியிருக்கிறேன், ஒன்றையாவது செய்து பார்க்க வேண்டாமா? அவர் சொன்னதற்கு முன்பே திரும்பி, நிலவறைக்கு இறங்கி வந்தபோது மூன்று சிறகுகளை ஒட்டி முடித்து நான்காவதைக் குழாயோடு சேர்த்துப் பிடித்திருந்தேன்.

"என்னடி பண்ணி வெச்சிருக்க? பாழாப்போன கை," என்றார். கடைசிச் சொல் குழறியது. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. என் காலடியில் சரிந்து உட்கார்ந்தார்.

என்னவென்று எனக்குத் தெரியும். அவர் அம்மாவுக்கும் இப்படித்தான் வந்தது, எங்கள் வீட்டிலேயே. ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம் என்று அப்போது டாக்டர் சொன்னதை நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் பசை பிடிப்பதற்குள் கையை எடுத்தால் சிறகு சாய்ந்துவிடும். சாய்ந்த சிறகோடு ராக்கெட் நேராகப் போகாது.

தோட்டத்தில் இருந்தேன், வந்து பார்த்தால் விழுந்து கிடந்தார் என்று ஆம்புலன்ஸ்காரர்களிடம் சொன்னது பொய்.

உங்கள் தாளில் அரை மணி நேரம் என்று போட்டிருக்கிறீர்கள். பலகையில் அவர் அப்படிக் காட்டியிருக்கலாம். அரை மயக்கத்தில் இருந்தவருக்கு நேரம் தெரியாது. சிறகு பிடிக்கத்தான் அரை மணி. அதற்குப்பின் நான்கு இணைப்பிலும் இன்னொரு வரி பசை இழுத்து, அதுவும் காயும்வரை உட்கார்ந்திருந்தேன். மொத்தம் ஒரு மணி பத்து நிமிஷம். டெலிபோன் எனக்குப் பின்னால் சுவரில்தான் இருந்தது. அவ்வளவு நேரமும் என் கவுன் ஓரத்தை அவர் இடது கையால் பற்றிக்கொண்டிருந்தார். இன்னொருத்தியாக இருந்தால் உதறியிருப்பாள். நான் உதறவில்லை.