ஐந்தே மீட்டர் முன்னேறியவன் பேசுகிறேன்

மூச்சு வாங்கிக்கொண்டு இந்த இதய நோயாளிகள் விழா மேடையேறி, கிடைத்த நாற்காலியில் விழுந்தேன். அது தலைவர் அம்மாவின் நாற்காலி என்பது அவர் நின்றுகொண்டே இருந்தபோதுதான் தெரிந்தது. ஆகவே, என்னை எழுப்பாமல் தாம் நின்ற தலைவர் அவர்களே! நாடி பிடித்து எங்கள் நாளை நீட்டிய மருத்துவர்களே! நடந்து வந்த பெரியோர்களே, அவர்களை நடத்தி வந்த தாய்மார்களே, வணக்கம்!

'சத்தமாப் பேசுங்க' என்கிறார் பின்வரிசை அன்பர். இருக்கிற மூச்சுக்கு இவ்வளவுதான் ஐயா வரும்!

எனக்கும் என் சம்பந்திக்கும் மருத்துவச் சீட்டில் ஒரே எழுத்து: இதயச் செயலிழப்பு. ஒரே பயிற்சிக்கூடம், ஒரே சைக்கிள், ஒரே பன்னிரண்டு வாரம். முடிவில் நடைக்கூடத்தில் ஆறு நிமிடம் நடக்கவிட்டு அளந்தார்கள். முன்பைவிட அவருக்கு எண்பது மீட்டர் கூடுதல். எனக்கு? ஐந்து! அதுவும் நிற்க முடியாமல் தள்ளாடிப் போன தூரம்.

"சம்பந்தி, என் கால்ல ஒண்ணு தரட்டுமா?" என்றார் அவர்.

வேலைக்கு விடுப்புப் போட்டு என்னை அழைத்து வரும் என் மகள் சிரிக்கவில்லை. "மாமா ஒழுங்கா செய்யறாரு. நீங்க கதையடிக்கத்தான் வர்றீங்க. இனிமே உங்களைக் கூட்டிட்டு வரமாட்டேன்ப்பா."

"சத்தியமா மிதிச்சேம்மா!"

"அப்ப ஏன் மீட்டர் ஏறலை?"

ஏன் ஏறவில்லை? எட்டாம் வகுப்பையே எட்டிப் பிடித்து முடித்தவன் நான், என்ன சொல்வேன்?

பயிற்சியாளர் அம்மாதான் காப்பாற்றினார். "உங்கப்பா வாயும் ஓயலை, காலும் ஓயலை. சைக்கிள்லயே பதிவாகியிருக்கு பாரும்மா. ஒருத்தருக்கு இதயம் சுருங்கறதுல பலவீனம், ஒருத்தருக்கு விரியறதுல. சிலருக்குக் கால் தசையே வத்திப்போயிருக்கும். ஒரே பயிற்சி எல்லாருக்கும் ஒரே மாதிரி பலிக்காது. இவருக்கு ரத்தத்தைப் பார்ப்போம்."

பார்த்தார்கள். நாக்கில் இருந்த வலு ரத்தத்தில் இல்லை, இரும்புச்சத்துக் குறைவு! ஊசி வழியாக ஏற்றினார்கள், பயிற்சியையும் எனக்கேற்ப மாற்றினார்கள். இன்று அந்த ஐந்து மீட்டர் நாற்பதாகியிருக்கிறது. சம்பந்தி காலைத் தர வேண்டாம், கொஞ்சம் வழி விட்டால் போதும்!

பிள்ளைகளே, நடக்காதவனைத் திட்டுங்கள், தாராளமாகத் திட்டுங்கள்! ஆனால் நடந்தும் தேறாதவன் இருக்கிறானே, அவனைச் சோம்பேறி என்று சொல்லும் முன், 'ஏன் ஏறலை?' என்ற அதே கேள்வியை அவனிடம் கேட்காதீர்கள், மருத்துவரிடம் கேளுங்கள்! அவனுக்கு விடை தெரியாது. தெரிந்தால் ஏறியிருப்பானே!

பொறுத்துக் கேட்ட உங்களுக்கும், பொறுத்துக்கொண்ட என் மூச்சுக்கும் நன்றி, வணக்கம்.

கைதட்டலுக்கிடையே மகள் வந்து கை கொடுத்து இறக்கினாள். அவளிடம் நான் சொல்லாதது ஒன்று உண்டு: இனிமேல் கூட்டி வரமாட்டேன் என்று அவள் சொன்ன அன்று, அப்பாடா, இத்தோடு எல்லாவற்றையும் விட்டுவிடலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது.