நாலாம் அறை ஓட்டை

“...அந்தப் பக்கம் ஸ்டூலைப் போட்டா கதவை மறைக்குதாம். இந்தப் பக்கம் போட்டா பொம்மை வீடுங்களை மறைக்குதாம். அப்புறம் மியூசியத்துக் காவக்காரன் நான் எங்கம்மா உக்கார்றது? செவுத்துல இருக்கிற இந்த ஓட்டைக்குக் கீழதான்! முந்தாநேத்து மழை... நேரா பிடரியில சொட்டுச்சு. ரெண்டு நாளா தும்மல். நீங்க போட்டோ எடுங்க, எடுங்க...

ஐயோ, அந்தக் கதவைத் தொறக்காதீங்க! பின்னாடி செவுருதான். ஊர்ல இடிச்ச வீட்டுக் கதவையெல்லாம் கொண்டாந்து நிறுத்தி வெச்சிருக்காங்க. போன வாரம் ஒருத்தர் அவசரத்துல பாத்ரூம் தேடி ஒவ்வொண்ணா தொறந்து பாத்தாரு, பாவம்!

என்ன சொல்லிட்டிருந்தேன்... ஆங், ஓட்டை. இந்த வீட்டைக் கட்டி இங்கயே வாழ்ந்தாரே பெரியவர், அவர் இருந்தா அன்னிக்கே அடைச்சிருப்பாரு. தான் கட்டின வீட்ல ஒரு சொட்டு ஒழுகினா அவருக்குச் சோறு எறங்காது. இப்ப அட்டையில என்ன எழுதியிருக்கு பாத்தீங்களா? ‘காலை ஒளியைச் சிறைபிடிக்கக் கட்டடக் கலைஞர் வடிவமைத்த துளை.’ சிறை! காலேஜ் புள்ளைங்க டேப்பு வெச்சு அளந்துட்டுப் போகுதுங்க.

ஒரு உதவிம்மா. வாசல்ல கருத்து எழுதற நோட்டு இருக்கில்ல? ‘ஓட்டையை அடைங்க’ன்னு ஒரே ஒரு வரி... பாக்க வர்றவங்க சொன்னா கேப்பாங்க. மழைக்காலம் இப்பத்தானே ஆரம்பிச்சிருக்கு.

நானா? நான் எந்த மூஞ்சியோட சொல்றது...

சரி, உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன. பெரியவர் போனப்புறம் நாலு வருஷம் இந்தக் காலி வீட்டுக்கு நாந்தான் காவல். பொழுது போகணுமே! டிவிக்குக் கேபிள் இழுத்தேன். விரல் தடிமனுக்குத்தான் ஓட்டை போடப் பாத்தேன், கடப்பாரை கேக்குமா? பொலபொலன்னு கொட்டிடுச்சு. அப்புறம் மியூசியத்துக்காரங்க வந்து ‘இது என்ன?’ன்னாங்க. என் வாய் சும்மா இருந்துச்சா? ‘பெரியவர் வெச்சதுங்க, காலைல வெளிச்சம் வர்றதுக்கு’ன்னுட்டேன்... மேற்குச் செவுரும்மா இது! ஒருத்தராவது கேக்கணுமே!”

அந்தம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, தலையாட்டிவிட்டு வாசலுக்குப் போனார். நோட்டில் குனிந்து வெகுநேரம் எழுதினார். ஒரு வரிதானே கேட்டோம், இவ்வளவு எழுதுகிறாரே என்று காவலாளிக்கு மனம் குளிர்ந்துவிட்டது.

அந்தம்மா கேட்டைத் தாண்டியதும் காவலாளி போய், கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

‘நாலாம் அறை ஓட்டையை எக்காரணம் கொண்டும் அடைத்துவிடாதீர்கள். இந்த மியூசியத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். காவலாளியின் ஸ்டூலையும் அங்கேயே வைத்திருங்கள்.’

வெளியே தூற ஆரம்பித்திருந்தது. அவர் குடையை எடுத்துக்கொண்டு நாலாம் அறைக்குப் போனார்.